முதல் ஷிஃப்ட்டுக்குச் சுடச்சுடப் பொங்கல்

எழிலரசி: வேற யாராச்சும் காட்டுங்க மேடம். இவரு வேணாம்.

அறிவுமதி: இன்னும் நாற்காலியில உக்காரவே இல்ல... அதுக்குள்ள வேணாமா?

எழிலரசி: உக்காந்துட்டா எழுந்துக்கறது கஷ்டம்.

பேச்சிராஜ்: நான் வேணா அந்த மேசைக்குப் போயிருதேன் மேடம். அங்கன ஒருத்தர் காளான் வளக்காராம். நல்ல மனுசனாத் தெரியுதாரு.

அறிவுமதி: யாரும் எங்கயும் போக வேணாம். ரெண்டு பேரும் உக்காருங்க. போன வருஷமும் இதே மண்டபத்துல இப்படி ஒரு கூட்டம் போட்டேன். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும், இல்லாதப்பட்டவங்களுக்காகத் தொழில் நடத்தறவங்க அத்தனை பேரையும் கூப்பிட்டேன். வந்தாங்க. விசிட்டிங் கார்டு மாத்திக்கிட்டாங்க. செல்ஃபி எடுத்தாங்க. பிரியாணி சாப்பிட்டாங்க. அதோட சரி. அப்புறம் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு போன்கூடப் பண்ணல.

பேச்சிராஜ்: பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு நானும் கேள்விப்பட்டேன்.

அறிவுமதி: அதான் இந்த வருஷம் சாம்பார் சாதம்.

பேச்சிராஜ்: அய்யய்யோ...

அறிவுமதி: கார்டும் கிடையாது. ரெண்டு மாசமா ஒவ்வொருத்தர்கிட்டயும் போன்ல பேசி, யாருக்கு என்ன குறை, யார்கிட்ட என்ன மிச்சம்னு கேட்டு, நானே ஜோடி சேத்து மேசை போட்டிருக்கேன்.

எழிலரசி: கல்யாணத் தரகர் மாதிரியா?

பேச்சிராஜ்: மண்டபமும் அதுக்குத்தானே கட்டிருக்காவ.

எழிலரசி: உங்கள யாரும் கேக்கல.

அறிவுமதி: வாய்ச்சண்டைக்குப் பொருத்தம் பிரமாதமா இருக்கே! சரி, நானே அறிமுகம் பண்றேன். இவங்க எழிலரசி. ஒரகடத்துல இருந்து உள்ள தள்ளி ஒரு கிராமம். நிலமெல்லாம் பிளாட்டும் ஃபேக்டரியுமா ஆனதும், நாத்து நட, களை எடுக்கன்னு இருந்த பொம்பளைங்களுக்கு வேலையே இல்லாமப் போச்சு. கம்பெனிக்குப் போனா வயசு முப்பது தாண்டிடுச்சுன்னு சொல்லிடறாங்க...

எழிலரசி: சொல்றதுகூட இல்ல மேடம். வாட்ச்மேன் மூஞ்சியப் பாத்தே ‘போம்மா போம்மா’ன்றான்.

அறிவுமதி: அவங்கள்ல பதினோரு பேரைச் சேத்துக்கிட்டு ஒரு சமையல்கூடம் நடத்தறாங்க. முதல் ஷிஃப்ட்டுக்குப் போற ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு விடிகாலை டிபன். இட்லி, பொங்கல், அப்புறம் அது என்னங்க... உளுந்தங்களி. இந்தப் பக்கத்துல அதை யாரும் கிண்டமாட்டாங்களே, நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?

எழிலரசி: தெக்குப் பக்கத்துப் பொண்ணுங்கதான் மேடம் நெறைய கீதுங்க ஹாஸ்டல்ல. அதுங்க கேட்டுச்சிங்க.

அறிவுமதி: கேட்டா போதுமா? கிண்டத் தெரியணுமே.

எழிலரசி: ஒருத்தர் வூட்ல கத்துக்கினேன். விடுங்க மேடம்.

பேச்சிராஜ்: நல்லெண்ணெய் ஊத்தணும் அதுக்கு. இங்க உள்ளவங்க ஊத்த யோசிப்பாங்க.

எழிலரசி: கை நெறைய ஊத்தறோம். வந்து பாத்துட்டுப் பேசுங்க.

அறிவுமதி: இவர் பேச்சிராஜ். சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து வந்து ஆறு வருஷம் ஃபேக்டரி லைன்ல நின்னவர். கான்ட்ராக்ட் முடிஞ்சு வெளிய வந்ததும், லாட்ஜ் லாட்ஜா போய், பசங்க விட்டுட்டுப் போன பழைய சைக்கிளா பொறுக்கி...

பேச்சிராஜ்: பொறுக்கின்னு சொல்லாதீங்க மேடம். கேட்டு வாங்குனது.

எழிலரசி: கேட்டு வாங்கற பழக்கமெல்லாம் உண்டா?

பேச்சிராஜ்: ...இப்ப உண்டு.

அறிவுமதி: சரி, கேட்டு வாங்கி, ரிப்பேர் பண்ணி, வேலை போன பசங்க கையில குடுக்கறார். ஒரு கான்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்கறதுக்குள்ள ரூம் வாடகைக்கே திண்டாடறாங்க இல்ல, அந்தப் பசங்க. தண்ணி கேன், மருந்து, பார்சல்னு கொண்டுபோய்க் குடுத்து சம்பாதிக்கறாங்க.

பேச்சிராஜ்: ஊருக்குத் திரும்பிப் போகவும் வெக்கம் மேடம் பயலுவளுக்கு. ‘எம் மவன் ஃபேக்டரில இருக்கான்’னு அம்மைக்காரி ஊரு பூரா சொல்லி வச்சிருப்பா. போன்ல அவனும் ‘டூட்டில இருக்கேம்மா’ம்பான். பாத்தா சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பசியோட உக்காந்திருப்பான்.

அறிவுமதி: இப்ப குறைக்கு வருவோம். எழிலரசி, நீங்க போன்ல சொன்னதை இவர்கிட்டயே சொல்லுங்க.

எழிலரசி: இன்னாத்த சொல்றது?

அறிவுமதி: பொங்கல் திரும்பி வந்த கதைய.

எழிலரசி: ...அது எதுக்கு இவருக்கு?

அறிவுமதி: சொல்லுங்கம்மா!

எழிலரசி: மண்ணாங்கட்டி அண்ணன் ஆட்டோவுலதான் டிபன் அனுப்பறோம். நல்ல மனுஷன்தான். ஆனா நாலு ஸ்டாப்புக்கும் ஒரே ஆட்டோ. மொத ஸ்டாப்புல போட்டுட்டு ரெண்டாவதுக்குப் போறதுக்குள்ள கம்பெனி பஸ் வந்துடுது. பொண்ணுங்க ஏறிப் போயிடுதுங்க. போன வாரம் ரெண்டு அண்டா பொங்கல் மூடி தொறக்காமத் திரும்பி வந்துச்சு. எங்க கங்கம்மா அக்கா அண்டாவப் பாத்துகினே நின்னுச்சு. மூணு மணிக்கு எழுந்து கெளறுன பொங்கல் மேடம் அது.

பேச்சிராஜ்: மூணுக்கா? முன்னாடி மூணரைக்குத்தானே...

அறிவுமதி: முன்னாடியா?

பேச்சிராஜ்: இல்ல... முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஒரு கேட்டரிங்ல மூணரைக்கு அடுப்பு பத்த வைப்பாவ. அதச் சொன்னேன்.

அறிவுமதி: சரி. இப்ப உங்க குறை என்ன பேச்சிராஜ்?

பேச்சிராஜ்: எனக்கென்ன குறை... நல்லாத்தான் ஓடுது.

எழிலரசி: அப்ப கெளம்புங்களேன். நல்லா ஓடறவரு இங்க இன்னாத்துக்கு?

பேச்சிராஜ்: ...காலையில சும்மா நிக்கிது மேடம். சைக்கிள் பூரா. தண்ணி கேனு ஒம்பது மணிக்கு மேலதான். விடியக்காலையில பயலுவ எழுந்து குளிச்சிட்டு ‘அண்ணே, வேலை?’ன்னு வந்து நிக்கானுவ. என்ன சொல்ல? டயருக்குக் காத்தடிங்கலேன்னு சொல்லுவேன். நேத்து அடிச்ச காத்தே இருக்கும். இருந்தாலும் அடிப்பானுவ.

அறிவுமதி: கேட்டீங்களா? ஒருத்தர்கிட்ட பொங்கல் இருக்கு, கொண்டுபோக ஆளில்ல. ஒருத்தர்கிட்ட ஆளிருக்கு, கொண்டுபோகப் பொங்கல் இல்ல. போன்ல உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசி முடிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரே வண்டிய ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி வச்சுக்கிட்டு, ‘ஓட மாட்டேங்குது, ஓட மாட்டேங்குது’ன்னு ரெண்டு பேரும் என்கிட்ட வந்து சொல்ற மாதிரி.

எழிலரசி: தண்ணி குடுங்க மேடம் அந்த பாட்டில.

அறிவுமதி: இந்தாங்க. இன்னொரு விஷயம். அதோ, முன் வரிசையில பச்சைப் புடவை, கண்ணாடி... செந்தாமரை மேடம். ஒரு பெரிய கம்பெனில வெல்ஃபேர் ஆபீசர். சும்மா வேடிக்கை பாக்க வரல. அவங்க லைன்ல முதல் ஷிஃப்ட்டுல பொண்ணுங்க வரிசையா மயங்கி விழறாங்க. போன மாசம் இசக்கிசெல்வின்னு ஒரு பொண்ணு, ஓடற மெஷின் பக்கமாவே சாஞ்சிடுச்சு. பக்கத்துல நின்ன பொண்ணு இழுத்துப் பிடிச்சதால தப்பிச்சுது.

எழிலரசி: தெரியும். அந்தப் பொண்ணு மாத்தூர் ஹாஸ்டல். ரெண்டாவது ஸ்டாப்பு. நம்ம டிபன் போய்ச் சேராத ஸ்டாப்பு.

பேச்சிராஜ்: எங்க ஊருக்கு அடுத்த ஊரு அந்தப் புள்ளை. ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். ‘ராத்திரியும் சாப்பிடலண்ணே, காலையிலயும் சாப்பிடல’ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுது மேடம். அதான் தாங்கல.

அறிவுமதி: அந்த செந்தாமரை மேடம்தான் பஸ் ஸ்டாப்புலயே டிபன் குடுக்க ஒருத்தரைத் தேடறாங்க. எடுத்து நடத்தறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் மேடையேறி அவங்க முன்னாடி பேசணும். மூணு மாசம் ட்ரையல். சரியா நடந்தா எல்லா ஷிஃப்ட்டும். சமையலும் டெலிவரியும் சேர்த்தே ஒத்துக்கணுங்கறாங்க. சென்னையில இருந்து ஒரு பெரிய கேட்டரிங் ஏற்கெனவே ஸ்லைடெல்லாம் போட்டு ரெடியா உக்காந்திருக்கு. அவங்க வந்தா பொங்கல் வரும். உங்க கங்கம்மா வரமாட்டாங்க, இவரோட பசங்களும் வரமாட்டாங்க.

எழிலரசி: நாங்க குடுக்கற பொங்கல் மாதிரியும் வராது.

அறிவுமதி: இதைத்தான் மேடையில சொல்லணும்! அப்ப சம்மதமா?

எழிலரசி: இல்ல.

அறிவுமதி: ஏம்மா?

எழிலரசி: பார்ட்னர் வச்சி ஒரு வாட்டி பட்டுட்டேன் மேடம்.

அறிவுமதி: அதை நீங்க சொல்லவே இல்லையே. யாரு?

எழிலரசி: இருந்தாரு ஒருத்தரு. ரெண்டு பேருமாத்தான் ஆரம்பிச்சோம். மொத அண்டா என் வூட்ல இருந்துதான் போச்சு. நான் சமைப்பேன், அவரு கொண்டுபோவாரு. நல்லா போய்கினு இருந்துச்சு. அப்புறம் சென்னையில ஒரு விழா. ‘இளைஞர்களுக்கு வழிகாட்டி’ன்னு அவருக்கு ஒரு ஷீல்டு. எங்க பன்னெண்டு பேரையும் வேன் புடிச்சி கூட்டினு போனாரு. பட்டுப்பொடவை கட்டிகினு மொத வரிசையில உக்காந்துனு இருந்தோம்.

அறிவுமதி: சரி...

எழிலரசி: மைக்கப் புடிச்சாரு. ‘நான் ஆரம்பிச்சேன், நான் யோசிச்சேன், நான் கஷ்டப்பட்டேன்.’ சரி போவட்டும்னு உக்காந்துனு இருக்கேன். கீழ இருந்து ஒரு அம்மா, ‘சாப்பாட்டுக்கு இன்னா பண்றீங்க?’ன்னு கேட்டாங்க. அதுக்கு அவரு சொல்றாரு, ‘சமைக்க ஆள் வச்சிருக்கேன்’னு.

அறிவுமதி: அடப்பாவி!

எழிலரசி: ஆள். வச்சிருக்கேன். கங்கம்மா அக்கா என் கையப் புடிச்சிகினு, ‘யாரடி சொல்றாரு?’ன்னுது. நம்மளத்தான்க்கான்னேன்.

பேச்சிராஜ்: அந்த ஆளுக்குப் பயமா இருந்திருக்கும் மேடம். மொத தடவை மேடை ஏறுதவன்... முன்னால லைட்டு... வாய்க்கு வந்தத உளறிருப்பான்.

எழிலரசி: பயந்தவனுக்கு ‘நான்’ மட்டும் எப்டி கரெக்டா வருது?

பேச்சிராஜ்: ...அது சரிதான்.

அறிவுமதி: நீங்க ஏன் யாரோ ஒருத்தனுக்காக வக்காலத்து வாங்கறீங்க பேச்சிராஜ்?

பேச்சிராஜ்: வாங்கல மேடம். ஆனா ஒண்ணு கேக்கணும். அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க நீங்க?

எழிலரசி: இன்னா செய்வாங்க? சைக்கிள எடுத்துகினு கெளம்புன்னேன். அன்னிக்கே கதவச் சாத்திட்டேன்.

பேச்சிராஜ்: கதவச் சாத்துனது ஒருத்தனுக்கு. அவன்கூட பதினாலு பயலுவ இருந்தானுவல்லா? காலையில உங்க அடுப்படியிலதானே சாப்புடுவானுவ? அவனுவ என்ன ஷீல்டு வாங்குனானுவ?

அறிவுமதி: பதினாலு பேர்னு உங்களுக்கு எப்படி...

பேச்சிராஜ்: இந்தத் தொழில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் மேடம். அந்தப் பயலுவள்ல பாதிப் பேரு இப்ப எங்கிட்டதான்.

அறிவுமதி: ஓ... அப்ப சரி. இருங்க, செந்தாமரை மேடம் கையக் காட்டறாங்க. நான் போய் என்னன்னு கேட்டுட்டு வரேன். அடிச்சுக்காம இருங்க ரெண்டு பேரும்.

பேச்சிராஜ்: ...போயிட்டாங்க.

எழிலரசி: எனக்கும் கண்ணு தெரியுது.

பேச்சிராஜ்: எழிலு...

எழிலரசி: எழிலரசி.

பேச்சிராஜ்: உள்ள வரும்போதே பாத்துட்டேன். திரும்பிப் போயிரலாம்னுதான் நெனச்சேன்.

எழிலரசி: போயிருக்கலாமே.

பேச்சிராஜ்: பிரியாணின்னு நெனச்சி உக்காந்துட்டேன்.

எழிலரசி: சிரிப்பு காட்டாத. இப்ப சிரிக்கற மாதிரி இல்ல நானு.

பேச்சிராஜ்: அந்தம்மாவுக்கு நெசமாவே தெரியாதா? நீ சொன்ன பழைய பார்ட்னரு நாந்தான்னு?

எழிலரசி: தெரியாது. வாயத் தொறந்துடாத. நாம ஒண்ணா தொழில் பண்ணவங்கன்னு தெரிஞ்சா, உடனே உன்னத்தான் பாத்து பேசுவாங்க. ‘சார் சொல்லுங்க, சார் எப்டி பண்ணீங்க’ன்னு. மறுபடியும் உன் பேரு மேல, என் பேரு கீழ. இந்த ரெண்டு வருஷமா தனியா நின்னு ‘எழிலரசி கிச்சன்’னு சொல்ல வச்சிருக்கேன். அத்த விட மாட்டேன்.

பேச்சிராஜ்: விடச் சொல்லல. எங்க பயலுவளும் அப்படித்தான் சொல்லுதானுவ. ‘எழிலரசி கிச்சன் போர்டு பெருசா வச்சிருக்காங்கண்ணே’ன்னு. நானும் போய்ப் பாத்தேன்.

எழிலரசி: எப்ப?

பேச்சிராஜ்: எதிர்த்த டீக்கடையில நின்னு பாத்தேன். உள்ள வரல.

எழிலரசி: ...அந்த ஷீல்டு எங்க கீது?

பேச்சிராஜ்: ரூம் கதவு காத்துக்கு அடிக்குது. முட்டுக் குடுத்து வச்சிருக்கேன்.

எழிலரசி: நெசமாவா?

பேச்சிராஜ்: நல்ல கனம். கதவு அசையாது.

எழிலரசி: ...ச்சீ, சிரிக்க வைக்காதன்னேன்ல. எளச்சிட்ட நீ.

பேச்சிராஜ்: சைக்கிள் மிதிச்சா எளைக்கத்தான் செய்யும்.

எழிலரசி: மெஸ் சாப்பாடா?

பேச்சிராஜ்: வேற என்ன.

எழிலரசி: ...அந்தப் பசங்க விஷயம். அவனுங்கள நான் வர வேணாம்னு சொல்லல.

பேச்சிராஜ்: கதவச் சாத்துனா, யாருக்குச் சாத்துனதுன்னு வாசல்ல எழுதியா போட்டிருக்கும்? வந்து பாத்துட்டு, தெருமுக்குல நின்னுட்டு, போயிட்டானுவ. மூணு பேரு ஊருக்கே போயிட்டானுவ.

எழிலரசி: நம்பிராஜன்? ரெண்டாவது தட்டு கேட்டுகினே இருப்பானே...

பேச்சிராஜ்: இருக்கான். இப்பவும் ரெண்டாவது தட்டு கேக்கான். குடுக்கத்தான் ஆளில்ல.

எழிலரசி: எனக்கு அது தோணவே இல்ல. சத்தியமா. உன் மேல இருந்த கோவத்துல... சரி, வுடு. தோ வராங்க. வாய மூடு.

அறிவுமதி: அடிச்சுக்கலையே? நல்லது. செந்தாமரை மேடம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரைக்கும் இருக்க முடியாதாம். கம்பெனில இருந்து கூப்பிட்டுட்டாங்க. சென்னைக்காரங்க இப்ப மேடை ஏறியாச்சு. அடுத்து நீங்க ஏறணும், இல்லன்னா இல்ல. சொல்லுங்க, ஏறறீங்களா?

எழிலரசி: ஏறறேன். ஆனா எனக்கு மூணு கண்டிஷன் கீது. அதுக்கு இவரு ஒத்துக்கணும்.

பேச்சிராஜ்: சொல்லுங்க.

எழிலரசி: மொதல்ல பேரு. எழிலரசி கிச்சன். உங்க சைக்கிளுக்கு நீங்க இன்னா பேரு வேணா வச்சுக்கோங்க. ஆனா ரெண்டு பேரும் தனித்தனி ஓனரு. யாரும் யாரையும் வச்சிக்கினு இல்ல.

பேச்சிராஜ்: சம்மதம்.

எழிலரசி: ரெண்டாவது, சூடு. அடுப்புல இருந்து எறக்குன பொங்கல் சூடா பொண்ணு கைக்குப் போவணும். ஆறிப் போச்சுன்னு ஒரு பொண்ணு சொன்னாலும் அன்னிக்கு உங்ககிட்டதான் கேப்பேன்.

பேச்சிராஜ்: அது என் பொறுப்பு. நாலு ஸ்டாப்புக்கும் நாலு சைக்கிள். ஒருத்தன் பஞ்சர் ஆனா பக்கத்து ஸ்டாப்புக்காரன் வந்து எடுப்பான். வண்டலூர் ரோட்டுப் பக்கம் மட்டும் லாரி ஜாஸ்தி. அங்க நானே போறேன்.

எழிலரசி: மூணாவது... நாங்க சண்டை போட்டாலும் காலையில பொங்கல் நிக்கக் கூடாது.

அறிவுமதி: என்னம்மா இது, இன்னும் தொழிலே ஆரம்பிக்கல. அதுக்குள்ள சண்டைக்கு ஏற்பாடா?

எழிலரசி: வரும் மேடம். கண்டிப்பா வரும். எவ்ளோ பெரிய சண்டைன்னாலும், மூஞ்ச பாத்து பேசலன்னாலும், அஞ்சு மணிக்கு சைக்கிள் என் வாசல்ல நிக்கணும். அஞ்சு மணிக்கு அண்டா ரெடியா இருக்கணும். போன வாட்டி பெரியவங்க சண்டையில சின்னதுங்க பட்டினி கெடந்துச்சுங்க. அதுல என் பங்கும் கீது.

பேச்சிராஜ்: ...இதுக்கும் சம்மதம். எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான்.

எழிலரசி: இன்னா?

பேச்சிராஜ்: எங்க பயலுவளுக்குக் காலையில உங்க அடுப்படியில சாப்பாடு. பார்சல் இல்ல. வாசல்ல நிக்க வச்சும் இல்ல. உள்ள உக்கார வச்சு.

எழிலரசி: நம்பிராஜனுக்கு ரெண்டு தட்டு.

பேச்சிராஜ்: மூணு கேப்பான்.

அறிவுமதி: நம்பிராஜன் யாரு?

எழிலரசி: இவரு பையன்ல ஒருத்தன் மேடம். நீங்க போயிருந்தப்போ சொன்னாரு.

அறிவுமதி: நல்லாத்தான் பேசிப் பழகியிருக்கீங்க. சரி, மேடையில யாரு பேசறது?

பேச்சிராஜ்: அவங்கதான்.

எழிலரசி: நீங்களும்தான். ரெண்டு பேரும் பேசணும். ஒருத்தரு பேசி ஒருத்தரு பக்கத்துல பொம்மை மாதிரி நிக்கறது எனக்குப் புடிக்காது. அது நீங்களா இருந்தாலும்.

பேச்சிராஜ்: எனக்கு மேடை சரிப்படாது.

எழிலரசி: பேசிக் காட்டுங்க. இப்பவே. மேடம் முன்னாடி.

பேச்சிராஜ்: இங்கயா?

அறிவுமதி: நல்ல ஐடியா. நான்தான் செந்தாமரை மேடம். சொல்லுங்க மிஸ்டர் பேச்சிராஜ், நீங்க என்ன பண்றீங்க?

பேச்சிராஜ்: வணக்கம். நான்...

எழிலரசி: ஆரம்பிச்சாச்சு.

பேச்சிராஜ்: பேரச் சொல்ல விடுங்க! என் பேரு பேச்சிராஜ். எங்க பயலுவ சைக்கிள் ஓட்டுதானுவ. நேத்து வரைக்கும் உங்கள மாதிரிக் கம்பெனியில லைன்ல நின்னவனுவதான். எந்த ஹாஸ்டலு எந்தச் சந்துல இருக்குன்னு அவனுவளுக்குத் தெரியும். எந்த பஸ்ஸு எந்த ஸ்டாப்புல எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியும். வயித்துல ஒண்ணும் இல்லாம மெஷின் முன்னால நின்னா எப்படி இருக்கும்னும் தெரியும்.

அறிவுமதி: ம்ம்... சமையலுக்கு என்ன பண்றீங்க?

பேச்சிராஜ்: சமையலுக்கா?

அறிவுமதி: சொல்லுங்க. கேள்வி புரியலையா?

பேச்சிராஜ்: புரிஞ்சுது மேடம். சமையல நான் பண்ணல. சமையல் எழிலரசியோடது. எழிலரசி, கங்கம்மாக்கா, அப்புறம் பத்துப் பேரு. அவங்க அடுப்பு பத்த வச்சாத்தான் எங்க சைக்கிளு உருளும். அவங்க இல்லாம ரெண்டு வருசம் ஓட்டிப் பாத்தாச்சு. வெறுங்காத்துதான் அடிச்சிட்டு இருந்தோம்.

அறிவுமதி: ரெண்டு வருஷமா? என்ன பேச்சிராஜ், இவங்களை இன்னைக்குத்தானே பாக்கறீங்க?

பேச்சிராஜ்: அது... இந்த மாதிரி ஆளுங்க இல்லாமன்னு சொல்ல வந்தேன். அதான் மேடை சரிப்படாதுன்னேன்.

எழிலரசி: நல்லாத்தான் வந்துச்சு. ‘நான்’ ஒரே ஒரு வாட்டிதான்.

பேச்சிராஜ்: ரெண்டு. ‘நான் பண்ணல’ன்னும் ஒண்ணு சொன்னேன்.

எழிலரசி: அந்த ‘நான்’ பரவால்ல.

அறிவுமதி: கைதட்டல் கேக்குதா? சென்னைக்காரங்க முடிச்சிட்டாங்க. வாங்க வாங்க, எழுந்திருங்க. எழிலரசி, உங்க பேச்சு?

எழிலரசி: எனக்கு ஒத்திகை வேணாம் மேடம். மூணு மணிக்கு எழுந்து பண்றத எத்தினி மணிக்கு கேட்டாலும் சொல்லுவேன்.

அறிவுமதி: சபாஷ். ஆனா ஒண்ணு, செந்தாமரை மேடம் ரொம்ப உஷார். எனக்கு அவங்களைத் தெரியும். சாப்பாட்டைப் பத்திக் கேக்க மாட்டாங்க, சைக்கிளைப் பத்திக் கேக்க மாட்டாங்க. நேரா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. ‘நீங்க ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் பாத்துக்கிட்டீங்க. வேற வேற ஊரு, வேற வேற தொழில். ஒரு வாரத்துல அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு போக மாட்டீங்கன்னு என் பொண்ணுங்களுக்கு என்ன உத்தரவாதம்?’ இதுக்கு என்ன சொல்லப் போறீங்க?

பேச்சிராஜ்: அது... அத வந்து... நீங்களே சொல்லுங்க எழிலரசி. உங்க இஷ்டம். என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

எழிலரசி: உள்ளத உள்ளபடி சொல்லப் போறேன் மேடம். உங்ககிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சிக்கோங்க. இன்னிக்குப் பாத்தவரு இல்ல இவரு. அந்த ஷீல்டு வாங்குனவரு இவர்தான். அஞ்சு வருஷம் குடும்பம் நடத்திட்டு நான் வெளிய தொரத்துன என் வூட்டுக்காரரு. அடிச்சிகினு பிரிஞ்சும் பாத்துட்டோம், அதுல யாருக்கும் ஒரு வாய்ப் பொங்கல்கூட போய்ச் சேரலன்னு சொல்றேன். வாங்க போலாம்... மைக்க மட்டும் மொதல்ல என் கையில குடுக்கச் சொல்லுங்க.